பாதியில் நின்ற திருவிருந்து

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் என் கணவர் ஒரு தேநீர் கேட்டார். கடைக்காரர் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் கண்ணாடித் தம்ளர் ஒன்றை நீட்டினார். ஈப்போவில் எங்கள் வீட்டு இருமல் மருந்துக் குப்பிகூட அதைவிடப் பெரியது. அவர் இரண்டு மிடறில் முடித்துவிட்டு இன்னொன்று கேட்டார். பிறகு இன்னொன்று. நான்காவதை நீட்டும்போது கடைக்காரர், "ஒரேயடியா சொம்புல ஊத்திக் குடுத்துடட்டுங்களா?" என்றார். கிண்டல் இல்லை, உண்மையான அக்கறைதான்.

நாங்கள் மலேசியாக்காரர்கள். என் கணவர் தானியேல் ஈப்போவில் ஒரு தமிழ்ச் சபையின் போதகர். நான் ஞாயிறு பள்ளிக்கும், பெண்கள் கூட்டத்துக்கும், அடிக்கடி காணாமல் போகும் அவருடைய மூக்குக்கண்ணாடிக்கும் பொறுப்பு. எங்கள் சபைக்கு வரும், வெல்டிங் வேலை செய்யும் ஒருவர் கல்வராயன் மலைக்காரர். அவருடைய அண்ணன் சாலமோன் வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூரில் உபதேசியாராக இருக்கிறார். உபதேசியார் பிரசங்கம் செய்யலாம், ஜெபம் நடத்தலாம். ஆனால் அப்பமும் திராட்சை ரசமும் கொடுத்துத் திருவிருந்து நடத்தக் குருப்பட்டம் பெற்ற போதகர்தான் வரவேண்டும். மலைக்கு அப்படி ஒருவர் வருவது அபூர்வமாம். "இந்தியா போறீங்கதானே ஐயா, எங்க ஊர்ல ஒரு திருவிருந்து கொடுத்துட்டு வாங்க," என்று வெல்டர் கேட்டார். அதனால்தான் சுற்றுலாப் புத்தகங்கள் எதிலும் இல்லாத அந்த நிலையத்தில் நாங்கள் நின்றுகொண்டிருந்தோம்.

வெள்ளிக்கிழமை ஊரைச் சுற்றினோம். இரவு சாப்பாட்டுக்குப் போன கடையில் கல் தோசையும் கத்திரிக்காய் கொத்சும் கொடுத்தார்கள். எங்கள் ஊர்த் தோசை காகிதம்போல மெலிதாக, கரகரவென்று இருக்கும். இது தலையணைபோல மெத்தென்று கொத்சை உறிஞ்சிக்கொண்டது. பக்கத்து மேசையில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"கட்டிங் ஆர்டர் வந்துச்சா?"

"எங்க வந்துச்சு? பூவே வுட்டுடிச்சி."

தையல்காரர்கள் போலிருக்கிறது, சட்டையில் பூ வேலை செய்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் பேருந்தில் வழியெல்லாம் வெண்ணிறப் பூக்கதிரோடு கரும்பு நின்றதைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. ஆலையிலிருந்து வெட்டச் சொல்லி உத்தரவு வர வேண்டும். அதற்குள் கரும்பு பூத்துவிட்டால் உழவருக்கு நஷ்டம்.

பூத்த கரும்பை நன்றாகவே பார்க்க முடிந்தது. ஏனென்றால் வடக்கனந்தலுக்குச் சற்று முன்னால் பேருந்தின் பின்சக்கரம் பஞ்சர். அத்தனை பேரும் இறங்கி வரப்போரம் உட்கார்ந்தோம். ஒரு பெண் மடியிலிருந்து வேகவைத்த வேர்க்கடலையை அள்ளி என் கையில் வைத்துவிட்டு, நான் யார் என்றுகூடக் கேட்காமல் தன் மருமகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். நான் சந்தோஷமாகக் கடலை உரித்தேன். என் கணவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நல்ல மனிதர், ஆனால் நேரம் தவறாமை அவருக்குப் பத்துக் கட்டளைகளில் பதினொன்றாவது. மதியம் இரண்டு மணிக்கு மலைச் சபையாரைச் சந்திப்பதாகச் சொல்லியிருந்தார். மலையடிவாரம் போய்ச் சேரும்போதே இரண்டு ஆகிவிட்டது.

அங்கே சாலமோன் ஏற்பாடு செய்திருந்த ஜீப் நின்றது. ஓட்டுநர் கோவிந்தனுக்கு நாற்பது வயதிருக்கும். சட்டைப் பையில் சீப்பு. எங்கள் பெட்டிகளைத் தானே தூக்கி வைத்தார். வண்டி நகர்ந்து கொஞ்ச தூரத்தில், சாலையோரம் ஒரு கூடையும் இரண்டு பைகளுமாகப் பெண் ஒருத்தி நின்றிருந்தாள். கோவிந்தன் எங்களைக் கேட்கவில்லை. நிறுத்தி, "ஏறுக்கா," என்றார். அவள் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, கூடையை என் காலருகே வைத்து உட்கார்ந்தாள். கூடை நிறையத் தக்காளி.

என் கணவருடைய பின்கழுத்து சிவந்தது. மூன்று நான்கு வளைவுகள் ஏறியதும் உர மூட்டையோடு ஒருவர் கை காட்ட, கோவிந்தன் மறுபடி நிறுத்தினார். அவ்வளவுதான்.

"இது தனி வண்டியா, பஸ்ஸா?" என்றார் என் கணவர்.

"தனி வண்டிதாங்க ஐயா. மலைக்குப் போற மதிய பஸ்சு வர்ல. இவங்க இன்னா பண்ணுவாங்க?"

"அது என் பிரச்சினை இல்ல. தனியா வர்றதா பேசித்தானே எடுத்தோம்? உங்க ஆளுங்ககிட்ட வாக்கு சுத்தமே கிடையாது. எல்லாரையும் இறக்கி விட்டுட்டு வண்டிய எடுங்க."

கோவிந்தன் திரும்பிப் பார்க்கவில்லை. உர மூட்டைக்காரர் தானாகவே பின்வாங்கினார். அந்தப் பெண், "வுடு தம்பி, நான் எறங்கிக்கறேன்," என்று கூடையையும் பைகளையும் எடுத்துக்கொண்டு வளைவில் இறங்கி நின்றாள். வண்டி புறப்பட்டது. கூடை இருந்த இடத்தில் நான் காலை நீட்டிக்கொண்டேன். அந்த நேரத்தில் அது வசதியாகத்தான் இருந்தது.

எங்கள் ஊர்க் கேமரன் மலைக்குப் போகும் பாதையில் தேயிலையும் ஸ்ட்ராபெரிக் கடைகளும் கண்ணைப் பறிக்கும். இங்கே மரவள்ளித் தோட்டங்கள், சாமை வயல்கள், இடையிடையே பலா மரங்கள். கிழங்கு ஏற்றிய லாரிகள் முனகிக்கொண்டு எதிரே இறங்கின. ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகின்றனவாம். அழகான பாதை. ஆனால் வண்டிக்குள் யாரும் அழகை ரசிக்கவில்லை.

ஊரில் எங்களுக்கு மாலையும் கைதட்டலும். இரண்டு மணிக்கு வருவதாகச் சொல்லித் தாமதமாகிவிட்டதே என்று என் கணவர் மன்னிப்புக் கேட்டபோது சாலமோன் ஆச்சரியப்பட்டார். "நீங்க சாயங்காலம்தான் வருவீங்கன்னு நெனச்சிக்கினு இருந்தோம் ஐயா. வெரசா வந்துட்டீங்க." அவருடைய மனைவி ரெபேக்கா சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டாள். சாமை பார்க்கப் பறவைத் தீனிபோல இருந்தது. மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன். குளிருக்கு இரண்டு போர்வை கொடுத்தார்கள். என் கணவர் அதிகம் சாப்பிடவில்லை. களைப்பு என்றார்.

ஞாயிறு காலை ரெபேக்கா இட்லியோடு வந்தாள். வேண்டாம் என்றோம். திருவிருந்து நடத்தும் நாளில் என் கணவர் ஆராதனை முடியும்வரை தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். கல்யாணமான நாளிலிருந்து நான் பார்க்கும் வழக்கம் அது. காய்ச்சலில் கிடந்தபோதும் மாத்திரையை மதியம்தான் போட்டார்.

சிமெண்ட் ஷீட் வேய்ந்த சின்னஞ்சிறு கோயில். தரையெல்லாம் பாய். ஒரு பக்கம் ஆண்கள், ஒரு பக்கம் பெண்கள், நடுவில் எந்தப் பக்கமும் சேராத குழந்தைகள். ஈப்போவில் குளிர்சாதனம் உண்டு, மெத்தை வைத்த பெஞ்சு உண்டு, பாட்டு மட்டும் பாதி வாயில்தான் வரும். இங்கே பாட்டில் கூரையே அதிர்ந்தது. பிரசங்கமும் நன்றாகப் போனது. பிறகு என் கணவர் மேசையருகே நின்று திருவிருந்துக்கு அழைக்கும் வாசகத்தை வாசித்தார். பாவத்துக்கு வருந்தி, அயலாரோடு சமாதானமாக இருக்கிறவர்கள் கிட்டி வாருங்கள் என்று வரும் இடம் அது. ஆயிரம் முறை சொல்லியிருப்பார். 'அயலாரோடு' என்ற சொல்லில் நின்றுவிட்டார்.

வரியைத் தவறவிட்டார் என்று நினைத்தேன். அப்படியில்லை. புத்தகத்தை மூடி மேசைமேல் வைத்தார்.

"நேத்து வர்ற வழியில ஒரு மனுஷன நான் அவமானப்படுத்திட்டேன்," என்றார். "காணிக்கையோட வர்றப்போ யாருக்காவது உன்மேல குறை இருக்குன்னு ஞாபகம் வந்தா, அதை அங்கேயே வச்சிட்டு முதல்ல போய் ஒப்புரவாகுன்னு ஆண்டவர் சொல்லியிருக்கார். நானே அதைப் பல தடவை பிரசங்கம் பண்ணியிருக்கேன். போய்ப் பார்த்துட்டு வந்துதான் இந்த மேசையைத் தொட முடியும்."

பின்னாலிருந்து ஒருவர், "யாருங்க ஐயா?" என்றார்.

"ஜீப் ஓட்டுற கோவிந்தன்."

"நம்ம கோவிந்தனா? பக்கத்து ஊருதான். வாங்க, அல்லாரும் போலாம்." பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள்.

ரெபேக்கா குறுக்கே நின்றாள். "அல்லாரும் போனா அதுக்குப் பேரு மன்னிப்பா? பஞ்சாயத்து. தனியாப் போய்ப் பேசுன்னுதான் வேதத்துல இருக்குது. ஐயாவும் அம்மாவும் வரட்டும், நான் வழி காட்டறேன். நீங்க பாட்டுப் பாடிக்கினு இருங்க."

சாலமோன் தலையாட்டினார். நாங்கள் மூவரும் புறப்பட்டோம்.

சாமை வயலுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை. என் கணவர் வெள்ளை அங்கியை முழங்காலுக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார். வயலில் நின்ற ஒரு பெரியவர் வேலையை நிறுத்திவிட்டு, நாங்கள் மறையும்வரை பார்த்தார். ஓடையில் கல்லுக்குக் கல் தாவும்போது என் கணவருடைய கறுப்புக் காலணி ஒன்று தண்ணீர் குடித்தது. அதன்பின் அவர் வைத்த ஒவ்வொரு அடிக்கும் 'சளக்' என்று சத்தம். எனக்கும் ரெபேக்காவுக்கும் சிரிப்பு. ஒருவரையொருவர் பார்க்காமல் நடந்தோம்.

கோவிந்தன் வீட்டு முன்னால் ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தார். அங்கியோடு வந்தவரைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்தார்.

"இன்னாங்க ஐயா, கெளம்பணுமா? நாளைக்குன்னு சொன்னாங்களே."

"இல்ல கோவிந்தன். நேத்து உங்களையும் உங்க ஆளுங்களையும் சேர்த்து வாக்கு சுத்தம் இல்லன்னு சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. மன்னிச்சிடுங்க."

கோவிந்தன் கையைத் துண்டில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "கேக்காம ஏத்துனது என் தப்புதாங்க," என்றார் கடைசியில். "ஆளுங்கன்னு சேத்துச் சொன்னதுதான் கொஞ்சம் கஷ்டமா இருந்துச்சு. அது போவட்டும். எங்கிட்ட இன்னாங்க மன்னிப்பு? நான் வண்டிக்குள்ளதான இருந்தேன். கூடையோட எறங்கி வெயில்ல நின்னது பொன்னி அக்கா. அவங்ககிட்டதான் கேக்கணும்."

என் கணவர் கோவிந்தனை மட்டும்தான் நினைத்து வந்திருந்தார். நானும்தான்.

"அவங்க வீடு எங்க?"

"அதோ, நாலு வூடு தள்ளி. பந்தல் போட்டுக்கீது பாருங்க. பொண்ணுக்கு இன்னிக்கி மஞ்சத் தண்ணி."

பெரியவளான மகளுக்கு மஞ்சள் நீராட்டு. அதற்காகத்தான் முந்தின நாள் பொன்னி கீழே இறங்கிச் சாமான் வாங்கி வந்திருக்கிறாள். பந்தலில் நல்ல கூட்டம். பொன்னி கரண்டியும் கையுமாக அண்டாக்களுக்கு நடுவில் நின்றாள். எங்களைக் கண்டதும் கண்ணைச் சுருக்கினாள். "ஓ, ஜீப்புக்காரங்களா," என்றாள்.

என் கணவர் தொண்டையைச் செருமினார். அவள் கரண்டியை உயர்த்தித் தடுத்தாள். "பேச்சு அப்பறம். பந்தலுக்குள்ள வந்துட்டீங்க. மொதல்ல எலையில உக்காருங்க."

"இல்லம்மா, நாங்க இன்னும் ஆராதனை முடிக்கல. அதுக்கு முன்னால சாப்பிடுறது..."

பொன்னியின் கை அப்படியே நின்றது. "எங்க வூட்டுல சாப்புட மாட்டீங்களா?" என்றாள். குரல் உயரவில்லை. ஆனால் பக்கத்தில் பரிமாறிக்கொண்டிருந்தவர்களும் நின்றுவிட்டார்கள். கோவிந்தன் பின்னாலேயே வந்திருந்தார். அவரும் என் கணவரையே பார்த்தார்.

வண்டியிலிருந்து ஒருமுறை இறக்கிவிட்டாயிற்று. இப்போது அவள் போடும் சோற்றையும் தள்ளினால் அதற்கு அவள் என்ன பொருள் எடுத்துக்கொள்வாள் என்பது எனக்குத் தெரிந்தது. என் கணவர் ஈரக் காலணியைக் கழற்றி ஓரமாக வைத்தார். அங்கியைச் சுருட்டிக்கொண்டு இலைமுன் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"போடுங்கம்மா," என்றார்.

சோறு, பருப்பு, அப்பளம். நடுவில் செக்கச் செவேலென்று தக்காளித் தொக்கு. வாயில் வைத்ததும் அவருக்குக் கண் விரிந்தது. "ரொம்ப நல்லாருக்கு," என்றார்.

"சாம்பாருக்கு வாங்குன தக்காளி," என்றாள் பொன்னி. "கெழங்கு ஏத்தப் போற காலி லாரியில ஏறி வந்தேன். ஒவ்வொரு வளைவுக்கும் கூடை உருண்டு அல்லாம் நசுங்கிடிச்சி. வேற வழியில்லாம தொக்கு கிண்டிட்டேன்."

என் கணவர் கையிலிருந்த கவளத்தைப் பார்த்தார். இலைமுன் உட்கார்ந்தபடியே சொன்னார்: "நான்தான் உங்கள இறக்கிவிட்டேன். ரொம்பத் தப்பு. மன்னிச்சிடுங்கம்மா."

"அந்த வளைவுல நெழலே இல்ல. லாரி வர்ற வரைக்கும் உங்களத் திட்டிக்கினேதான் நின்னேன். மேல வர்றதுக்குள்ள திட்டு தீந்துபோச்சு." அவள் குனிந்தாள். "இன்னொரு கரண்டி தொக்கு வெக்கட்டா?"

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "நானும் பேசாமத்தான் இருந்தேன். கூடை போனதும் காலை நீட்டிக்கிட்டேன்."

பொன்னி சிரித்துவிட்டாள். "நீங்க பேசியிருந்தா உங்களுக்கும் அவருக்கும் சண்டை வந்திருக்கும். இன்னிக்கி உங்ககிட்டயும் மன்னிப்பு கேட்டுக்கினு அலையணும், பாவம்."

புறப்படும்போது மகளை வாழ்த்தச் சொன்னாள். புதுப் பாவாடை தாவணியில் வெட்கத்தோடு நின்ற பெண்ணின் தலையில் கை வைத்து, என் கணவர் சுருக்கமாக ஜெபித்தார். ஈப்போவில் அவர் சுருக்கமாக ஜெபித்து நான் கேட்டதில்லை.

திரும்பும் வழியில் கொஞ்ச நேரம் அவர் காலணிச் சத்தம் மட்டும்தான். பிறகு, "சாப்பிட்டுட்டேன்," என்றார்.

"ஆமா. தொக்கு ரெண்டு தரம் வாங்கினீங்க."

"திருவிருந்து கொடுக்கலாமா, வேணாமான்னு யோசிக்கிறேன்."

ரெபேக்கா முன்னால் போய்க்கொண்டிருந்தாள். ஓடையைத் தாண்டியபின் அவரே சொன்னார்: "பட்டினி இருக்கிறது நானா வச்சிக்கிட்ட சட்டம். அயலானைப் பத்தினது நான் வச்சது இல்ல. கொடுக்கலாம்."

வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. எங்களுக்காக அத்தனை பேரும் பசியோடு காத்திருப்பார்களே என்று வேகமாக நடந்தோம். கோயிலை நெருங்கியும் பாட்டு பலமாகக் கேட்கவில்லை. உள்ளே போனால் பாய்கள்தான் இருந்தன. சாலமோன் முன்னால் நின்று பாடிக்கொண்டிருந்தார். கூடப் பாட, நடக்க முடியாத நாலைந்து முதியவர்கள். ஒரு மூலையில் இரண்டு குழந்தைகள் தூக்கத்தில்.

என் கணவர் திகைத்து நின்றார். "கோவிச்சுக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டாங்களா?"

"இல்லீங்க ஐயா," என்றார் சாலமோன். "நீங்க போனதும் ரெண்டு பாட்டுப் பாடினோம். அப்பறம் ஒருத்தர் எழுந்து, எனக்கும் ஒரு ஆளு இருக்குது, போய்ட்டு வந்துடறேன்னு போனாரு. அவரப் பாத்து இன்னொருத்தர். அப்படியே அல்லாரும் போய்க்கினே இருந்தாங்க. நான் இன்னா சொல்லித் தடுக்கறது?"

என் கணவர் அங்கியோடு படியில் உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். முதலில் ஓரகத்திகள் இருவர். வெகுகாலமாகப் பேச்சில்லாதவர்களாம். இப்போது யார் முதலில் பேச்சை நிறுத்தியது என்று சத்தமாக வாதாடிக்கொண்டே, கையைக் கோத்துக்கொண்டு வந்தார்கள். இரவல் வாங்கிய அரிவாளைத் திருப்பிக் கொடுக்கப் போன பெண், கைமாறாக கைநிறையப் பலாச்சுளையோடு வந்தாள். வரப்புத் தகராறில் தம்பியைப் பார்க்கப் போனவர் மட்டும் தலையைக் குனிந்தபடி வந்தார்.

"கதவத் தொறக்கலீங்க ஐயா. வெளியில நின்னே சொல்லிட்டு வந்துட்டேன்."

"உள்ளே கேட்டிருக்கும்," என்றார் என் கணவர். அவரை உள்ளே போகச் சொல்லாமல், தன் பக்கத்திலேயே படியில் இருத்திக்கொண்டார்.

பாய்கள் மறுபடி நிறைந்தன. எல்லோரும் வந்தாயிற்று என்று தோன்றியதும் என் கணவர் எழுந்து மேசையருகே போனார். அப்போது சாலமோன் பாட்டுப் புத்தகத்தை அவர் கையில் கொடுத்தார்.

"ஐயா, நீங்க ரெண்டு பாட்டுப் பாடிக்கினு இருங்க. நானும் ஒரு எடத்துக்குப் போய்ட்டு வந்துடறேன்."

"ரொம்ப தூரமா?"

சாலமோன் தலையைச் சொறிந்தார். "தூரமில்லீங்க. பின்னாடி சமையக்கட்டுக்குத்தான்."

வந்ததும் வராததுமாக ரெபேக்கா எல்லோருக்கும் கஞ்சி வைக்க அங்கேதான் போயிருந்தாள். அவர் பின்பக்கக் கதவைச் சாத்திக்கொண்டு போனார். பெண்கள் பக்கத்தில் ஒரு மெல்லிய சிரிப்பு ஓடி அடங்கியது. நாங்கள் பாடினோம். இரண்டு பாட்டு நான்காகி, நான்கு ஐந்தானது. உள்ளிருந்து முதலில் பாத்திரச் சத்தம் பலமாகக் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. கதவு திறக்கவில்லை. சபையார் என் கணவரைப் பார்த்தார்கள். அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. புத்தகத்தைப் புரட்டி, நிறையச் சரணங்கள் உள்ள ஒரு பாட்டாகத் தேடி எடுத்து, தானே தொடங்கினார்.